இளைஞர் மன்றத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பெரியோர்களே, மன்றத்துத் தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டியும் ரத்ததான முகாமும் வழக்கம்போல நடந்தன. நூலகத்தின் ஒழுகும் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கான மதிப்பீட்டைப் பொருளாளர் தனியே வைப்பார். நான் அதிகம் சொல்ல வேண்டியது, கர்நாடகத்தில் விஜயநகரப் பேரரசின் பழைய தலைநகரான ஹம்பிக்கு ஜனவரியில் போய்வந்த பயணத்தைப் பற்றி. மன்றம் தருமபுரி மாவட்டத்தைத் தாண்டி இளைஞர்களை அழைத்துச் சென்றது இதுவே முதல் முறை.

ஏற்பாட்டை இளைஞர்களே செய்ய வேண்டும், பெரியவர்கள் மூவர் கூடப் போனால் போதும் என்று ஜூலையில் முடிவானது. எங்கே போவது என்பதற்கு ஒரே கூட்டம் போதுமானதாக இருந்தது. என்றைக்குப் போவது என்பதற்கு நான்கு கூட்டம் ஆயிற்று. அரையாண்டு விடுமுறையா, பொங்கலா, குடியரசு தினத்தை ஒட்டியா என்று செயற்குழுதான் இழுத்தடித்தது, பிள்ளைகள் அல்ல. அதற்குள் ரயில்வே, பயணத்துக்கு எத்தனை நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்ற முன்பதிவுக் காலத்தை நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. அக்டோபர் 31 வரை ஜனவரி டிக்கெட் கிடைத்தது. நாங்கள் ஜனவரி 23 என்று தேதியை முடிவு செய்தது நவம்பர் 3. முந்திக்கொண்டவர்கள் எடுத்ததுபோக மீதிக்கு நாங்கள் நவம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்று ஞாயிறு. காலை எட்டு மணிக்கு மன்றத்தில் நான்கு பேர் நான்கு போனோடு உட்கார்ந்தார்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது, நாங்களோ பத்தொன்பது பேர். ஹம்பி எக்ஸ்பிரஸில் முதல் பன்னிரண்டு பேருக்குப் படுக்கை கிடைத்தது, மற்றவர்களுக்கு ஆர்.ஏ.சி. (படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம்), வெயிட்டிங் லிஸ்ட். பயணத்துக்கு நான்கு நாள் முன்புதான் எல்லாம் உறுதியானது. அதுவரை பொருளாளர் தினமும் காலையில் காபிக்கு முன் பி.என்.ஆர். பார்த்தார்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது இருவர் வரவில்லை என்றார்கள். அந்த இடத்தில் வேறு பையன்களை ஏற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி மக்கள் என்று குடும்பத்தாருக்குத்தான் பெயர் மாற்றித் தருவார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. ரத்து செய்தோம். படுக்கை வகுப்பில் ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம், போக வர 240. இதை அந்த இருவரிடமே கழித்துக்கொண்டோம். அதில் ஒருவரின் அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் கணக்கு கணக்குதான்.

பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் வரைபடம், நேர அட்டவணை எல்லாம் ஒட்டி வைத்திருந்தோம். அம்மாக்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "தங்குற எடத்துல கக்கூஸ் எத்தனை? பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனியா இருக்கா?" என்றார்கள். எங்கள் அட்டவணையில் அந்தத் தகவல் மட்டும் இல்லை. மறுநாளே விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டு, ஐந்து பெண்களுக்கும் துணைக்கு வந்த அக்காவுக்கும் தனி அறை சொன்னோம்.

பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பிள்ளைகளே போட்ட விதி. முந்தின நாள் மாலை எல்லாப் பையையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தார்கள். ஒரு தம்பியின் பை பதிமூன்று கிலோவைத் தொட்டது. திறந்தால் மூன்று ஜீன்ஸ், கம்பளி, அடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கு. ஜீன்ஸில் இரண்டும் கம்பளியும் தூக்கும் வீட்டுக்குத் திரும்பின. முறுக்கைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, எல்லார் பையிலும் பங்கு போட்டார்கள். பெங்களூரு பேருந்து ஓசூரைத் தாண்டுவதற்குள் அந்தச் சுமை தீர்ந்தது.

ஜனவரி 23 இரவு பெங்களூருவில் ஏறி, மறுநாள் காலை ஹொசபேட்டையில் இறங்கினோம். ஹம்பி அங்கிருந்து பேருந்தில் அரை மணி தூரம். நடுப்பகலில் நடக்கக்கூடாது என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது நல்லதாயிற்று. ஜனவரியிலும் அந்தப் பாறைகள் தோசைக்கல்லாகத்தான் இருந்தன. விட்டல கோயிலுக்கு எடுத்த 40 ரூபாய்ச் சீட்டே அன்றைக்குத் தாமரை மஹாலுக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும். இதை முன்பே தெரிந்து வைத்திருந்ததால் மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். விரூபாட்சர் கோயிலில் ஒரு சின்னத் துளை வழியே ராஜகோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழும். பிளஸ் டூ பிள்ளைகள் அதற்கு அங்கேயே இயற்பியல் வகுப்பு எடுத்தார்கள்.

சறுக்கியது இரண்டாம் நாள் மாலை. துங்கபத்திரை ஆற்றுக்கு அக்கரையில் அஞ்சனாத்திரி மலை, 575 படி. மேலே நின்று சூரிய அஸ்தமனம் பார்ப்பது திட்டம். தங்கியதோ இக்கரை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். இறங்கி வந்தால் துறையில் ஆளில்லை. நான்கு ஆட்டோ பிடித்து, சாலை வழியாகச் சுற்றி விடுதிக்கு வந்து சேர 1,600 ரூபாய் ஆயிற்று. ஒரு தங்கை அன்றிரவே தன் நோட்டில் "படகு: நேரம் கேள்" என்று எழுதி இரண்டு கோடு போட்டதைப் பார்த்தேன்.

வரவு: தலைக்கு 2,200 வீதம் 17 பேருக்கு 37,400 ரூபாய். செலவு, ஆட்டோவையும் சேர்த்து, 35,860. மிச்சம் 1,540 ரூபாயில் முதலுதவிப் பெட்டி வாங்கலாம் என்பது பிள்ளைகளின் கோரிக்கை. போனபோது கொண்டுபோனது என் வீட்டுப் பெட்டி, அதில் பாதி மாத்திரை காலாவதி.

அடுத்த பயணத்துக்கு இடம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தேதியை மட்டும் இந்தப் பொதுக்குழு இன்றைக்கே, சாப்பாட்டுக்கு எழும் முன், முடித்துத் தர வேண்டும். அத்துடன் இந்த அறிக்கையையும் கணக்கையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்