பக்கியை ஏன் அடித்தீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவைக் கணக்கெடுப்புப் போட்டி ஒன்று நடத்தினார்கள். புகைப்படம் இல்லாத பறவை பட்டியலில் சேராது என்பது விதியாம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குரலைக் கேட்டு எழுதியிருந்த பக்கி என்ற பறவையை இந்த விதியைக் காட்டிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பரிசு வாங்கிய பட்டியலிலோ மின்கம்பியில் உட்கார்ந்த நீல நிற லவ் பேர்ட்ஸ் இருக்கிறது. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்தது. படம் என்னவோ அருமைதான்!

பக்கி இருட்டிய பிறகு நடமாடும் பறவை. பகலில் சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். கிட்டத்தட்ட மிதிக்கப் போனால்தான் எழும். குரலோ வேறு எதனோடும் குழம்பாது. ‘சக், சக், சக்’ என்று ஆரம்பித்து, பிங்பாங் பந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோல வேகமெடுத்து நிற்கும். பையன் கேட்ட நேரம், இடம், குரல் எல்லாவற்றையும் நோட்டில் குறித்திருந்தான். படம்தான் வேண்டுமென்றால் பிள்ளைகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ராத்திரி காட்டுக்குள் இறங்குவார்கள். பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையில் முட்டையிடும். ஒரு காலடி தவறினால் போச்சு.

பறவை பார்க்கும் பொழுதுபோக்கில் ஊறியவர்களிடம் இதில் பெரிய குழப்பம் இல்லை. அமெரிக்கப் பறவை நோக்குவோர் சங்கத்தின் விதிப்படி பறவை உயிரோடு, இயற்கையில், கூண்டிலோ கையிலோ சிக்காமல் இருக்க வேண்டும். கண்ணால் அறிந்தாலும் சரி, காதால் அறிந்தாலும் சரி. நம் ஊரில் பறவை பார்ப்பவர்கள் பட்டியலைப் பதிவேற்றும் ‘ஈபேர்ட்’ இணையதளத்திலும் குரலை வைத்து அறிந்த பறவை செல்லும். அந்த இடத்துக்கோ பருவத்துக்கோ பொருந்தாத பறவையாக இருந்தால் விவரம் கேட்பார்கள். காக்கைக்கெல்லாம் யாரும் படம் கேட்பதில்லை.

அதற்காகக் காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிடலாம் என்று சொல்லவில்லை. துடுப்புவால் கரிச்சான் என்ற பறவை, வேட்டைப் பறவையான வைரியைப் போலவே கத்தி ஏமாற்றும். இப்போது குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் ‘மெர்லின்’ செயலி வேறு வந்துவிட்டது. போனை நீட்டினால் திரையில் பெயர் வருகிறது; பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தாமல் அதைப் பட்டியலில் போட்டுவிடுகிறது. கேட்டது போன்தானே, பிள்ளை இல்லையே? அப்படி வந்த பெயரைக் கேள்வி கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதவும் இடம் இருக்க வேண்டும். நஞ்சராயன் குளத்தில் தூரத்துச் சேற்றில் ஓடும் சின்ன உள்ளான்கள் எது எதுவென்று பைனாகுலரிலும் சில நேரம் பிடிபடாது. ‘உள்ளான் வகை’ என்று எழுதினால் போதும். ஈபேர்ட்டிலும் அதற்கு வழி உண்டு. மதிப்பெண் போகும் என்ற பயத்தில் பிள்ளைகள் ஏதோ ஒரு பெயரை ஊகித்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிய வேண்டும். கேமரா இருந்தாக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. போட்டி நடத்துபவர்கள் அந்த முறையையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பறவைக்கு எதிரிலும் ‘எப்படி அறிந்தாய்?’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். பையனின் பக்கியையும் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டம்.