குல்மார்க்கா, ஔலியா?

மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூடுபனி ஆரம்பித்துவிட்டது, காலை ஏழு மணிக்கு எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காஷ்மீரின் குல்மார்க்கா, உத்தரகண்டின் ஔலியா என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் பனியில் ஸ்கீ சறுக்கப் பழக வேண்டும், கையில் ஒரு வாரம்தான், மாமியாரும் கூட வருகிறார் என்கிறாய். அப்படியென்றால் குல்மார்க்தான். ஔலி அழகில் குறைந்ததில்லை. 7,816 மீட்டர் நந்தாதேவிச் சிகரத்தைப் பார்த்தபடி சறுக்க வேறெங்கே முடியும்? அரசுச் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி நடத்துகிறது. தனியாகக் கிளம்பும் கல்லூரிப் பையனுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் ரிஷிகேஷிலிருந்து, ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர்; ஒன்பது பத்து மணி நேரம் வளைவு வளைவாக மலைப்பாதை. போக ஒரு நாள், வர ஒரு நாள் அதிலேயே கரைந்துவிடும். மாமியாரின் முதுகும் சின்னவனின் வயிறும் என்ன ஆகும் என்று யோசி. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயை, 2023 ஜனவரியில் அங்கே நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தினார்கள். அதை நம்பித் திட்டம் போடாதே.

உயரத்தையும் பார். ஔலியின் சரிவு சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,050 வரை. குல்மார்க்கில் ஊரே 2,650 மீட்டரில் இருக்கிறது. கொண்டோலா என்கிற கேபிள் காரின் முதல் கட்டம் 3,080 மீட்டரில் கொங்தூரிக்கும், இரண்டாம் கட்டம் 3,950 மீட்டரில் அப்பர்வத் மலையின் தோளுக்கும் ஏற்றிவிடும். கீழே பனி மெலிந்தாலும் கொங்தூரியில் பழகலாம்.

ஊரைவிடத் தேதி முக்கியம், கல்யாணி. கிறிஸ்துமஸ் லீவில் போக வேண்டாம். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுதான் அங்கே பனியைக் கொட்டுகிறது. டிசம்பரில் அது நன்றாகப் படிந்திருக்காது, கூட்டமோ நெரியும். டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். அது முடியும் தறுவாயில், ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் போ. அப்போதும் உத்தரவாதம் கிடையாது: 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது, 2025 பிப்ரவரியில் பனி இல்லாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே தள்ளிவைத்தார்கள். ஆகவே ஹோட்டலில் ரத்து செய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பணம் கட்டு. பள்ளியில் ஐந்து நாள் லீவு சொல்வது தவறே இல்லை.

டெல்லி வழியாக வரும்போது காலை விமானங்களை மாற்றிப் பிடிக்கிற ஏற்பாடு வேண்டாம். மூடுபனியில் ஒன்று தாமதித்தால் அடுத்தது போச்சு. முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் மத்தியான விமானத்தில் ஸ்ரீநகர் போங்கள். திரும்பும்போது ஒரு நாள் உபரியாக வை. வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது; ஒரு போஸ்ட்பெய்டு நம்பராவது வேண்டும். ஸ்ரீநகரில் தங்கி தினமும் போய் வரலாம் என்று நினைக்காதே. பனி விழுந்தால் அடிவாரத்துத் தங்மார்க்கிலிருந்து மேலே பதிமூன்று கிலோமீட்டரும் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும், பாதி நாள் அங்கேயே கழியும். குல்மார்க்கிலேயே தங்கு. கொண்டோலா டிக்கெட்டை முன்கூட்டி ஆன்லைனில் எடு.

முதல் கட்டத்துக்கு மாமியாரைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். இரண்டாம் கட்டம் வேண்டாம். அங்கே கடல்மட்டத்துக் காற்றில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான், அவருக்கு பிபி வேறு. பிள்ளைகளுக்கும் அது இடமில்லை. மேலே சமன்படுத்தாத, பனிச்சரிவு அபாயமுள்ள மலை. காற்று பலத்தால் மூடியும் விடுவார்கள். ஊருக்குள் இருக்கும் மெல்லிய சரிவே முதல் மூன்று நாளுக்குப் போதும்.

சாமான் எல்லாம் வாடகைக்கே எடு. பூட்ஸில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கால் குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போடுவார்கள். ரத்த ஓட்டம் நெருக்கி விரல் இன்னும் விறைக்கும், மடிப்பு விழுந்த இடம் கொப்பளிக்கும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பேன்ட்டின் நுனி பூட்ஸுக்குள் போகக் கூடாது. நேராக நிற்கையில் விரல் நுனி முன்புறம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். ஸ்கீ நீளம் பழகுபவருக்குத் தாடையளவு. பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கில் குதிகால் 'டக்' என்று பூட்டவில்லை என்றால் பூட்ஸின் அடியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கும். கழியின் நுனியால் சுரண்டிவிட்டு மிதிக்கச் சொல். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயவே காயாது, கொண்டுவராதே. தெர்மலும் ஃப்ளீஸும் இங்கே சரோஜினி நகரில் வாங்கிக்கொள்ளலாம்.

சறுக்கும்போது பயத்தில் பின்னால் சாய்வார்கள். அப்போது ஸ்கீயின் முனை பிடி இழந்து வேகம்தான் கூடும். கணைக்காலின் முன் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி முன்னால் நின்று, முனைகளை நெருக்கிப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் தானே குறையும். பெரியவளுக்கு இதை வீட்டிலேயே சுவரோரம் நின்று பழகச் சொல்.

தேதி முடிவானதும் ஒரு வரி எழுது. தைப்பூசம் அந்தச் சமயத்தில் வந்தால் மாமியாரை இங்கே மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். பிள்ளைகளின் கால் அளவையும் சேர்த்து எழுது, சாக்ஸ் வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி