எந்த மஞ்சள் சரி என்று நீதான் சொல்லணும்

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்கழி 18

அன்புள்ள கலியமூர்த்தி,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட முடியவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்த பகுதியை வீட்டில் எல்லாருக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஓசூர்க் குளிர் உன் முழங்காலைப் படுத்துகிறது என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு வந்துவிடு, ஒரு மாசம் இங்கே இரு. இந்த வருஷம் கெடிலத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. நல்ல வேளை, ஊருக்குள் வரவில்லை.

தை முகூர்த்தக் கல்யாணப் பத்திரிகை வேலைகள் குவிந்து கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்துப் பழைய 19 அங்குல மானிட்டர் போய்விட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கூரை பிய்த்துக்கொண்டு ட்யூப் மானிட்டர் நனைந்து போனதே, அதற்கப்புறம் வாங்கியது. இத்தனை வருஷம் உழைத்ததே பெரிசு. புதுச்சேரிக்குப் போய் 27 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பஸ்ஸில் கடைசி சீட்டில் காலிடுக்கில் நிறுத்திப் பிடித்தபடி, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்கள் மோதாமல் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் மாட்டிப் போட்டதும் நெஞ்சு துணுக்கென்றது. ‘திருவளர்ச்செல்வன்’ என்ற வரியில் ‘ர்’ மேல் இருக்கிற புள்ளி தனியாக நிற்கவில்லை, கீழே இழுபட்டுக் காலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. கறுப்பு கறுப்பாக இல்லை. ட்ரெடில் அச்சு மெஷினில் மை வற்றிப்போய் அடித்த கடைசி நூறு பிரதி எப்படி இருக்கும், அப்படி ஒரு சாம்பல். எழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளை ஓரம் வேறு. கடைக்குப் போன் பண்ணினேன். என்ன கம்ப்யூட்டர், எந்தக் கேபிள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இந்த விலைக்கு இப்படித்தான் சார் இருக்கும், அடுத்த மாடலுக்குப் போங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டு மாச வருமானத்தைக் கொடுத்து வாங்கியவனிடம் அப்படிச் சொல்லலாமா? அன்றிரவு தூக்கம் வரவில்லை.

படுத்துக் கிடக்கும்போது உன் ஞாபகம் வந்தது. நாம் வேலை பார்த்த பிரஸ்ஸில் அச்சு மங்கலாக விழுந்தால் ஃபோர்மேன் உடனே டைப் தேய்ந்துவிட்டது என்று கத்துவார். நீ வாயே திறக்க மாட்டாய். ரோலரைத் துடைத்து ஒரு ப்ரூஃப் எடுப்பாய். அதிலும் மங்கினால் அடியில் பேக்கிங் தாளை ஒன்று கூட்டி இன்னொரு ப்ரூஃப். அப்புறம் மை. எப்போதும் ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுவாய். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் என்பாய். காலையில் எழுந்ததும் அப்படியே செய்வதென்று உட்கார்ந்தேன்.

முதலில் மானிட்டரின் அடியில் இருக்கிற பொத்தானை அமுக்கி, அதன் சொந்த மெனுவை வரவழைத்தேன். அந்த மெனு கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை, மானிட்டரே எழுதிக் காட்டுவது. அந்த எழுத்துகள் புது டைப்பில் அடித்த மாதிரி கூர்மையாக இருந்தன. கறுப்பும் நல்ல கறுப்பு. அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது. திரைக் கண்ணாடியில் கோளாறு இருந்தால் மெனுவும் மங்கத்தானே வேண்டும்? கோளாறு கண்ணாடிக்கு வந்து சேருவதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது.

நீ ஓசூர் போகும்போது என்னிடம் விட்டுப்போன லென்ஸ் இருக்கிறதே, அதை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். கலியமூர்த்தி, நீயும் ஒரு நாள் இப்படிப் பார்க்கணும். ஆஃப்செட் தாளில் இந்த லென்ஸை வைத்தால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று வட்ட வட்டப் புள்ளிகள் தெரியும். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்தது ஒரு புள்ளி. வெள்ளைத் தாள் என்று நாம் திரையில் பார்க்கிற இடத்தில் வெள்ளை என்று ஒன்று கிடையவே கிடையாது, மூன்று குச்சியும் முழு வெளிச்சத்தில் எரிகின்றன, அவ்வளவுதான். மெனு எழுத்தின் செங்குத்துக் கோட்டில் ஒரு வரிசைக் குச்சிகள் சுத்தமாக அணைந்திருந்தன, அடுத்த வரிசை சுத்தமாக எரிந்தது. நான் கோரல்டிரா என்கிற வரைகலை புரோகிராமில் இழுத்த மெல்லிய கோட்டிலோ ஒரு வரிசை அரைகுறையாக அணைந்திருக்கிறது, பக்கத்து வரிசை கால்வாசி மங்கியிருக்கிறது. ஒரு கோடு இரண்டு வரிசையில் கசிந்து கிடந்தது.

காரணத்தைத் தேடினேன். இந்த மானிட்டரில் குறுக்கே 2560, நெடுக்கே 1440 புள்ளிகள். கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டிருந்தது 1920-க்கு 1080. மூன்று புள்ளிக்கான சரக்கை நான்கு புள்ளியில் பரப்பு என்றால் மானிட்டர் என்ன செய்யும்? ஒவ்வொன்றையும் கொஞ்சம் கரைத்துத்தான் பூசும். நம்முடைய புள்ளி எழுத்துகள்தான் அதில் முதலில் அடிபடும். செட்டிங்கில் 2560 போட்டுவிடலாமென்று போனால் அந்த எண் பட்டியலிலேயே இல்லை. என் கம்ப்யூட்டருக்குப் பத்து வயசு. நான் கேபிளைச் சொருகியிருந்தது எச்.டி.எம்.ஐ. என்கிற வாயில். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் அந்த வாய் 1920-க்கு 1200-க்கு மேல் அனுப்பாது. ஆனால் பின்பக்கம் டிஸ்ப்ளே போர்ட் என்று இன்னொரு வாய் இருக்கிறது, இத்தனை வருஷம் தொடாமல் தூசி படிந்து கிடந்தது. அதற்கொரு கேபிள் வாங்கிச் சொருகினேன். 2560 வந்தது. ‘ர்’ மேல் புள்ளி தனியாக எழுந்து நின்றது.

இன்னொன்றும் கூடவே சரியானது. அந்தச் சாம்பல் கறுப்பு. டி.வி. உலகத்தில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் உலகத்தில் 0-வும் 255-உம். எச்.டி.எம்.ஐ.யில் 1920-க்கு 1080 என்றதும் என் கம்ப்யூட்டர் எதிரில் இருப்பது டி.வி. என்று எண்ணி 16-லேயே கறுப்பை நிறுத்திவிட்டது. மானிட்டர் 0 வந்தால்தான் கறுப்பு என்று காத்திருக்கிறது. 16 அதற்குச் சாம்பல். எச்.டி.எம்.ஐ. ஒன்றுதான் இருக்கிறது என்கிறவர்கள் கிராபிக்ஸ் செட்டிங்கில் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று மாற்றினாலே போதும். உன் பையன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கறுப்பு வெளிறித் தெரிகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதை முதலில் பார்க்கச் சொல்.

அத்தோடு தீர்ந்ததென்று, பத்திரிகைப் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் புரோகிராமைத் திறந்தால் அங்கே மட்டும் இன்னும் மங்கல்! மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது, நம் பிழைப்பு நடக்கிற இடத்தில் மட்டும் பனி படிந்த மாதிரி. இந்தத் தடவை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சென்னையில் இருக்கிற பெரியவனுக்கு அனுப்பினேன். அவன் போனில் பெரிதாக்கிப் பார்த்து, “இங்கேயும் மங்கலாத்தான் இருக்குப்பா” என்றான். ஸ்க்ரீன்ஷாட் என்பது கம்ப்யூட்டர் உள்ளே வரைந்த படம், கேபிளும் கண்ணாடியும் அதைத் தொடுவதில்லை. அதிலேயே மங்கல் இருந்தால் குற்றம் சாஃப்ட்வேர் பக்கம். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று விண்டோஸில் 125 சதவீதம் வைத்திருந்தேன். பேஜ்மேக்கர் மிகப் பழைய புரோகிராம், இந்தப் பெரிதாக்கல் அதற்குத் தெரியாது. விண்டோஸ் அதன் படத்தை அப்படியே பிடித்து இழுத்து நீட்டுகிறது. திரும்ப 100 வைத்தேன். மெனு சின்னதாகிவிட்டது, எழுத்து தெளிந்துவிட்டது. எனக்கு அது சம்மதம்.

வெள்ளை ஓரம் என்றேனே, அது மானிட்டர் மெனுவில் ஷார்ப்னெஸ் என்கிற கூர்மையை ஏகமாக ஏற்றியிருந்ததால். நடுவில் கொண்டுவந்து வைத்ததும் போய்விட்டது. இடது மூலையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 36,86,400 புள்ளியில் ஒன்று. இதற்கெல்லாம் பொதுவாக மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நிறம்.

ஒரு பத்திரிகை. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அப்பா ஒரு மஞ்சள் கிழங்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்து, “இந்த நிறம் வரணும், வேற மஞ்சள் வேணாம்” என்றார். சொந்தக் கொல்லையில் விளைந்த மஞ்சளாம். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும், இதைச் சரியாகக் கொடுத்துவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

திரையில் எவ்வளவு கலந்தும் பிடிபடவில்லை. முதலில் மானிட்டரைத்தான் சரி செய்தேன். கடையிலிருந்து வரும்போது வெளிச்சம் 100-ல் இருந்தது. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிகிறவரை குறைத்தேன். 30-க்கு வந்து நின்றது. ‘கூல்’ என்று நீலம் ஏற்றி வைத்திருந்த வெள்ளையை 6500 கெல்வின் என்கிற நடுநிலை வெள்ளைக்கு மாற்றினேன். குங்குமச் சிவப்பு நெருப்பாக எரிந்தது. இந்த மானிட்டர் சாதாரண மானிட்டரைவிடக் கூடுதல் நிறம் காட்டுகிற ரகம். சாதாரண மானிட்டர் அளவுக்கே நிறத்தை நிறுத்துகிற ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்ற மோடில் போட்டதும் அடங்கியது. அதற்கப்புறமும் மஞ்சள் ஒரு நேரம் சரியாகத் தெரிகிறது, ஒரு நேரம் பச்சையடிக்கிறது. செட்டிங் எதையும் நான் தொடவில்லை.

ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்தது. கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் திரையைப் பார்க்கிறேன், வெள்ளை நீலம் பூத்த வெள்ளையாக இருக்கிறது. இடதைப் பொத்தி வலதால் பார்த்தால் அதே வெள்ளை வைக்கோல் நிறம். தாளை எடுத்துப் பார்த்தேன், தாளும் அப்படியே. ஆவணியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்குப் புரை எடுத்தது உனக்குத் தெரியும். வயசாக ஆகக் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகப் பழுத்து நீலத்தைத் தடுத்துவிடுமாம். அதை எடுத்துவிட்டுத் தெளிந்த லென்ஸ் வைத்ததும் நீலம் முழுசாக உள்ளே வருகிறது. வலது கண்ணில் இன்னும் பழைய லென்ஸ். அப்படியென்றால் எத்தனை வருஷமாக மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி பார்த்துக்கொண்டு மஞ்சளைக் கலந்திருக்கிறேன்? நான் அனுப்பிய எத்தனை பத்திரிகைகள், எத்தனை வீட்டுக் கல்யாணம்! அன்றைக்கு வெகுநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

மானிட்டரை இனி நம்பலாம், மை அளவு எண்களையும் நம்பலாம். என் கண்ணை மட்டும் இந்த வேலைக்கு நம்ப முடியவில்லை. வலது கண்ணுக்கும் மாசி மாசம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக் கல்யாணம் தை 20-க்குள்.

ஆகவே இதோடு இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலில் ‘அ’, ‘ஆ’ என்று எழுதியிருக்கிறது. ‘அ’வில் மஞ்சள் மை 100 சதவீதம், மெஜந்தா 20. ‘ஆ’வில் மஞ்சள் அதேதான், மெஜந்தா 28. கிழங்கில் ஒரு துண்டும் வெட்டி அதே காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், வெட்டின முகத்தைப் பார்க்காதே, தோல் சீவின பக்கத்தைப் பார். மை கலக்கும்போது வாசற்படியில் போய் நின்று வெயிலில்தான் பார்ப்பாயே, அப்படியே பார். ட்யூப் லைட்டில் வேண்டாம். பத்து மணி வெயில் போதும்.

அ-வா, ஆ-வா என்று ஒரு வரி போனில் சொல்லிவிடு. இரண்டும் இல்லையென்றால் மெஜந்தா எவ்வளவு என்று நீயே சொல், அதையே போட்டு அடிக்கிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பேத்திக்கு முத்தங்கள்.

அன்புடன்,
ஏழுமலை