ஹோர்னெட் போய்விட்டது

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

மச்சான்,

என் பழைய ஹொண்டா ஹோர்னெட் பைக்கை விலைக்குக் கொடுத்துவிட்டேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மிச்சத்தை எழுதக் கை வரும். திட்டுவதென்றால் இப்போதே திட்டு. அங்கே கனடா ஸ்காபரோவில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றால் மெதுவாகத் திட்டு.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே, வாயும் அப்படியே. குணம் அண்ணை மூன்றாவது தடவையாகச் சிகரெட்டை விட்டிருக்கிறார். ஒன்பது மாதம் உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஹோர்னெட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதை மூடிவைத்துவிட்டு பஸ்ஸில் தொங்கினேன். மூடியதுதான் நான் செய்த பிழை. எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற நாலு கார்பரேட்டருக்குள்ளும் பெற்றோல் காய்ந்து பிசினாகிப் போனது. அதோடு மரைன் டிரைவ் கடற்காற்று. எங்கள் ஒழுங்கையில் குடைக்கம்பிகூடத் துருப்பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? மெக்கானிக் பாஸ் மூன்று தடவை கழற்றிப் பூட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கி, யாரோ கழற்றிப் போட்ட ஜெட்டையும் டயஃப்ரமையும் பொறுக்கிக்கொண்டு வருவேன். பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் மூன்று சிலிண்டர் பாடும், ஒன்று மௌன விரதம். பாஸ் சொல்லுவார், "மாத்தயா, இதை ஓட்டுற ஆசையை விட்டிட்டு வீட்டில வச்சு பூப் போடுங்க" என்று.

போன மாதம் கட்டுகுருந்தையில் ஒரு நாள் ட்ராக் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதே பழைய ஓடுபாதைதான். உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் கடற்படை விமானம் இறக்கிய இடம், பிறகு நாங்கள் வேலிக்கு வெளியே கச்சான் கொறித்துக்கொண்டு நின்று பார்த்த இடம். விட மனமில்லை. ஒரு டிமோ பட்டா குட்டி லொறி பிடித்து ஹோர்னெட்டை ஏற்றினேன். வீட்டுக்காரி வாசலில் நின்று, "ரேஸ் பைக்கை லொறியில ஏத்திப் போறது நீங்கள்தான்" என்றாள்.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். உனக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். 12,000 சுற்றைத் தாண்டியதும் தையல் மெஷின் திடீரென்று நாதஸ்வரமாக மாறுமே, அது. நின்ற பெடியன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1996இல் வந்த 250, 14,000 சுற்றில் 40 குதிரைவலு. இன்றைக்கு வீதியில் வழக்கமாக ஓடும் ஒற்றைச் சிலிண்டர் 250கள் அதை எட்டிப்பிடிக்காது. இரண்டாவது தடவை இறங்கியபோது மூன்றாம் சிலிண்டர் வழக்கம்போல விரதத்தில் இருந்துவிட்டது. ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அழுகிற வயதில்லை என்பதால் சும்மா நின்றேன்.

அங்கேதான் அந்தப் பேருவளைப் பெடியன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். தன் கூட்டாளிகள் எல்லோரையும் அண்ணன் என்பதற்கு நானா, நானா என்கிறான். என்னைப் பார்த்து, "அங்கிள், என்ட ஆர் பதினைஞ்ச ஓடிப் பாருங்க" என்றான். அங்கிளாம். கோபத்திலேயே ஏறிக் குந்தினேன்.

யமஹா ஆர்15. 155 சிசி, பதினெட்டரைக் குதிரைவலு, எடை 142 கிலோ. இது என்ன பொம்மை என்றுதான் நினைத்தேன். ஹோர்னெட்டை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். நேரில் கைப்பிடியைத் திருகு, வளைவுக்கு முன் பிரேக்கை இறுக்கு, திருப்பு, மறுபடி திருகு. திருகினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சுசுகி ஜிக்ஸர் என்னைத் தாண்டியது. இன்னொரு ஜிக்ஸர். அப்புறம் ஒரு பழைய யமஹா எஃப்இசட், பின்னால் பெட்டி பூட்டிய கம்பியோடு. நிறுத்திவிட்டு வந்தபோது பெடியன் சிரிக்காமல் சொன்னான்: "பிரேக் புடிக்கிறது கூடிப் போச்சு, அங்கிள். வேகத்த விட்டா திரும்ப வாங்க ஏலாது."

அந்த ஒரு வசனத்துக்கு நான் அவனுக்குக் குருதட்சணை கொடுக்க வேண்டும். ஹோர்னெட்டில் வளைவில் என்ன முட்டாள்தனம் செய்தாலும் பிறகு நேரில் நாற்பது குதிரையும் வந்து காப்பாற்றிவிடும். இதில் அந்தச் சலுகை இல்லை. வளைவில் பத்துக் கிலோமீற்றர் வேகத்தை வீணாக்கினால் அடுத்த வளைவு வரைக்கும் அந்தக் கடனைத்தான் கட்டிக்கொண்டிருப்பாய். ஆகவே பிரேக்கை எங்கே விடுவது, எந்தக் கோட்டில் நுழைவது, கண் எங்கே பார்ப்பது என்று ஒவ்வொன்றாக யோசிக்க வைக்கிறது. ஏழாவது எட்டாவது சுற்றில் எனக்குப் பிடிபட்டது. கைப்பிடியை முழுக்கத் திருகி அப்படியே வைத்திருக்கிறேன், மச்சான். 7,400 சுற்றில் வால்வு திறக்கிற விதம் மாறி முதுகில் ஒரு சின்னத் தட்டு, கியர், மறுபடி தட்டு. கொழும்பில் இத்தனை வருடம் ஹோர்னெட்டை வைத்திருந்து கைப்பிடியை முழுக்கத் திருகி மூன்று விநாடி வைத்திருந்தது எத்தனை தடவை, சொல்லு பார்ப்போம். அந்த மொறட்டுவைப் பாலத்தைக் கணக்கில் எடுக்காதே. அன்றைக்கு உன் செருப்புத்தான் வேகமாகப் போனது.

இன்னொன்றும் அங்கே விளங்கியது. ஹோர்னெட்டின் அந்த 180 மில்லிமீற்றர் அகலப் பின் ரயர். அதைப் பார்த்துத்தானே இரண்டு பேரும் மயங்கினோம்? ஒரு 250க்கு அவ்வளவு அகலம் அழகுக்குத்தான். சரிக்கும்போது ஒரு தயக்கம், தள்ளித் தள்ளிச் சரிக்க வேண்டும். ஆர்15இன் 140 ரயர் நினைத்தவுடன் விழுகிறது, நினைத்தவுடன் எழும்புகிறது. மெலிந்த பைக் பிரேக்குக்கும் சுகம், முழங்கைக்கும் சுகம், பிழைவிட்டால் திருத்தவும் நேரம் தருகிறது. வெளியே வரும்போது சட்டை முழுக்க வியர்வை, வாய் முழுக்கப் பல். அந்தப் பக்கம் பெடியன் என்னுடைய ஹோர்னெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். "இத விக்கிறீங்களா அங்கிள்?" என்றான்.

அடுத்த கிழமை தகப்பனோடு வந்து காசைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனான். அவன் மாமா பழைய ஜப்பான் பைக் மட்டும்தான் திருத்துகிறவராம். கார்பரேட்டரை எடுத்துக் கழுவி ஓடவைத்து, சத்தத்தைப் பதிவுசெய்து எனக்கு அனுப்பியிருக்கிறான். நாலும் பாடுகிறது. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

சரி, அடுத்தது என்ன வாங்குவது என்பதில்தான் இப்போது என் நித்திரை போகிறது. நீ போன கடிதத்தில் உன் நிஞ்ஜா 400ஐப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய், ஷானன்வில் ட்ராக்கில் யாரையெல்லாம் முந்தினாய் என்று. நல்ல பைக்தான், ஒத்துக்கொள்கிறேன். 168 கிலோவுக்கு 45 குதிரைவலு கிட்டத்தட்ட, வேறென்ன வேண்டும்? மகள்கூட உன் பக்கம்தான். 2018இல் ஆனா கராஸ்கோ அதே பைக்கில் சுப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டம் எடுத்தாள் இல்லையா, தனிப் பைக் ட்ராக் ரேஸில் உலகப் பட்டம் எடுத்த முதல் பெண். அந்தப் படம் இப்போது மகளின் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது, கணக்குச் சூத்திரங்களை மறைத்துக்கொண்டு. ஆனால் இங்கே நெடுஞ்சாலைக்குள் இரண்டு சில்லை விடவே மாட்டார்கள், நகருக்குள் வேகம் 50, வெளியே 70. அதற்கு 400 எதற்கு? நீயோ பாதி வருடம் ஓட்டிவிட்டு மிச்சத்துக்கு அதற்குப் போர்வை போர்த்தித் தாலாட்டுகிறாய். பேசாதே.

2020இலிருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி மூடிக் கிடந்ததில் பழைய பைக் எல்லாம் நகைக்கடை விலைக்குப் போய்விட்டது. அதனால் பார்த்துப் பார்த்துத்தான் கைவைக்க வேண்டும். நாலு வார இறுதி, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருடைய பைக்கையும் இரவல் கேட்டு ஓட்டினேன். கேடிஎம் டியூக் 200 ஒன்று ஓட்டினேன். 25 குதிரைவலு, கைவைத்தவுடன் பாய்கிறது, கிருலப்பனை சந்தியில் பச்சை விழுந்ததும் முதலாவதாகப் போவது நீதான். ஹான்டில் நேரானது, முதுகுக்கு நல்லது. எனக்குப் பிடித்தது, ஆனால் அது எப்போதும் "போவோமா? போவோமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. என் வயதுக்கு அப்படி ஒரு கூட்டாளி நல்லதில்லை, ஏற்கெனவே நீ ஒருத்தன் இருந்தாய். ஜிக்ஸர் 155 காற்றில் ஆறுகிற எஞ்சின், பாவம்போல ஓடும், பெற்றோல் குடிக்காது, வேலைக்குப் போய்வர அதுதான் சரி. ட்ராக்கில் சூடேறியபிறகு கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஹொண்டா குரோம் மகளின் யோசனை. 125 சிசி, 12 அங்குலச் சில்லு, நூறு கிலோ சொச்சம். பஞ்சிகாவத்தையில் ஒருத்தரிடம் இருந்தது, இரண்டு ஒழுங்கை ஓட்டிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாது, மச்சான், ஆட்டுக்குட்டியில் ஏறின மாதிரி. ஆனால் மழைக்குப் பிறகு எங்கள் வீதிக் குழிகளுக்குள் அந்தச் சில்லு இறங்கினால் நான்தான் பறப்பேன்.

ஆர்15ஐயே வாங்கினால் என்ன என்று கேட்பாய். ட்ராக்கில் அதற்கு ஈடில்லை. காலி வீதியில் பம்பலப்பிட்டி தொடக்கம் வெள்ளவத்தை வரைக்கும் ஊர்ந்தேன், மணிக்கட்டு இரண்டும் போய்விட்டன. குனிந்து கிடப்பது இருபத்திரண்டு வயதுக்கு. அதே எஞ்சினை யமஹா எம்டி-15இல் வைத்திருக்கிறார்கள், ஹான்டில் உயரம், 140 கிலோவுக்குக் கிட்ட. முன் கண்ணாடி இல்லாததால் நேரில் காற்று நெஞ்சில் அடிக்கும், அதற்காக நான் என்ன உலகப் பட்டமா எடுக்கப் போகிறேன்? தெஹிவளையில் ஒன்றைப் பார்த்து முற்பணம் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, உன் வீட்டுக்காரிக்கும் சொல்லாதே. அவர்களுக்குள் செய்தி வெளிச்சத்தைவிட வேகமாகப் போகிறது.

இப்போது அந்த ஒன்பது மாதம். ஒழுங்கையின் கடைசி வீட்டு மாமியின் மகனை உனக்கு நினைவிருக்கும், நீ போகும்போது மூன்று சில்லுச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு இருந்தவன். போன வருடம் அவன் பைக் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தான். மாமி 125 போதும் என்றா. நான்தான் பெரிய நிபுணன் மாதிரி, "200 எடடா, வாங்கினால் ஒரே தடவையாக வாங்கு" என்றேன். நாலு மாதம் கழித்து ஒரு மழை இரவு, மரைன் டிரைவில், நாய் ஒன்று குறுக்கே. இடது தொடையில் இப்போது கம்பி வைத்திருக்கிறது. நடக்கிறான், நொண்டி நொண்டி. மாமி என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உனக்கு எழுதியிருப்பேன். தினமும் வாசலில் கண்டால் "சாப்பிட்டியா தம்பி" என்றுதான் கேட்கிறா.

125 என்றால் விழுந்திருக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. நாய்க்கு சிசி தெரியாது. ஆனால் அவனுக்கு நான் எஞ்சினைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தேன், ஈரத்தில் பிரேக் பிடிப்பதைப் பற்றி ஒரு நிமிடம் கதைக்கவில்லை. ரயர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. போன கிழமை அவன் வந்து, "அண்ணை, அடுத்த தடவை கட்டுகுருந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ, பார்க்கத்தான்" என்றான். ஓம் என்று சொல்லிவிட்டேன். மாமியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ இருந்தால் நீ சொல்லுவாய், உனக்கு மாமிமாரை மயக்கத் தெரியும்.

அதனால் எம்டி-15 வந்ததும் முதல் காசு ரயருக்கும் பிரேக் பேடுக்கும். பெடியன்கள் எல்லாம் முதலில் சைலன்சருக்குத்தான் கொட்டுகிறார்கள், நாங்கள் கொட்டவில்லையா? அந்தத் தகரக் குழாய் இன்னும் மொட்டைமாடியில் கிடக்கிறது, அம்மா அதற்குள் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறா.

டிசம்பரில் வருகிறாய் என்றால் நல்ல தோல் கையுறை ஒரு சோடி கொண்டு வா. எனக்கு என்ன அளவு என்று உனக்குத் தெரியும், உன் அளவுதான். மகளுக்கும் ஒரு சோடி, சின்னது. எதற்கு என்று கேட்காதே.

இன்னொன்று. பேருவளைப் பெடியன் ஹோர்னெட்டின் இரண்டாவது சாவியைக் கேட்டான். நீ விமானத்தில் ஏறும்போது காற்சட்டைப் பையில் அது போனது, பதினாறு வருடமாக நீயும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லி விலையில் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அந்த ஐயாயிரமும் உன் கணக்கில்தான். கையுறையோடு சேர்த்துக் கழித்துக்கொள்.

உன்,
கந்தப்பு

(இந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நீதான். பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதுதான் நிலைக்கும் போல.)