தண்டவாளம் போன பிறகு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டதில் மகிழ்ச்சி. என் முழங்கால் பரவாயில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதால் ஞாயிறு காலையில் புக்கிட் தீமா பக்கம் பழைய ரயில் தடத்தில் நடக்கிறேன். போன வாரம் இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் ஓர் உடும்பு, அவசரமே இல்லாமல், குறுக்கே போனது. நானும் இரண்டு சைக்கிள்காரர்களும் நின்று வழிவிட்டோம்.

கால்வாய்க் கரையில் மரம் வைத்து நடைபாதை போட உங்கள் குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கப்போகிறது, சிங்கப்பூரில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். மரம் நடுவது எளிது. இடம் துண்டுபடாமல் கிடைப்பதுதான் பாடு. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை நான் நடக்கும் இந்த 24 கிலோமீட்டர் ரயில் தடம் அறுபடாமல் கிடைத்ததற்கு இரண்டு நாட்டு இழுபறியைத்தான் கும்பிட வேண்டும். நிலம் மலேசிய ரயில்வேயின் கையில் இருந்தது. பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் நீள, சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப, தடத்தோரம் மட்டும் பச்சையாகவே கிடந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போனார்! அதற்கு முன்பே, 2010இல், இங்குள்ள இயற்கைச் சங்கம் தடத்தை முழுசாக வைத்திருக்கச் சொல்லித் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது. நிலம் கைமாறிய பிறகு கேட்டிருந்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் பூங்கா இணைப்புப் பாதைகளின் கதை வேறு. 1990களில் தொடங்கியபோது, வாய்க்கால் பராமரிப்புக்கென்று ஒதுக்கிய கரையையும் சாலையோர ஒதுக்கிடத்தையுமே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். இன்று 300 கிலோமீட்டருக்கு மேல். எல்லாம் அரசு நிலம்தான், ஆனாலும் துறைக்குத் துறை பேசித்தான் ஆக வேண்டும். உங்கள் பக்கிங்காம் கால்வாயிலோ பறக்கும் ரயிலின் தூண்களே நிற்கின்றன. அதனால் மனுவின் முதல் பக்கத்தில் மரப் பட்டியல் வேண்டாம். எந்த சர்வே எண் எந்தத் துறையுடையது, நாளைக்கு அங்கே குழி தோண்டுகிறவன் யாரிடம் கேட்க வேண்டும், அதை எழுது.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்றும் நினைத்துவிடாதே. 2021இல் கிராஞ்சியில், இந்தத் தடத்தை ஒட்டிய காட்டின் ஒரு பகுதியை, அங்குள்ள உயிரினங்களைப் பற்றிய ஆய்வு முடிவதற்குள் தவறுதலாக வெட்டிவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படம் பரவிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

சர்வே வரைபடம் கிடைத்தால் அனுப்பு. மார்கழியில் வருகிறேன். கொசு விட்டால், கரையோரம் சேர்ந்தே நடந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ரகு