அந்த நாலு ஸ்குரூவை எடுக்காதே

மண்டபம்
ஆனி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம் என்பதால் உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். என் மெக்கானிக் பட்டறைக்கு அந்த 61 நாள்தான் சீசன். ஹெட் கழற்றுவது, நாசில் பார்ப்பது, கியர்பாக்ஸ் இறக்குவது என்று ராத்திரி பத்து மணிவரை வேலை இருந்தது. இப்போது படகுகள் போய்விட்டன. கச்சான் காற்று வீசுகிறது, பட்டறையில் மணல்தான் வந்து விழுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சரி, வால்வுக்கு வருகிறேன். நீ வரைகிற புது இ.ஜி.ஆர். வால்வில், அதாவது எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வில், பாகங்களைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மோட்டார் பெட்டியை வால்வு உடம்போடு பிடிக்கும் நாலு ஸ்குரூவையும் எடுத்துவிட்டு, விளிம்பை மடக்கி நிரந்தரமாகப் பூட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். உப்பும் உள்ளே புகாது, உங்கள் ஊர்ப் புதுப் பாம்பன் பாலத்திலேயே மூட்டெல்லாம் முழுக்கப் பற்றவைத்ததுதானே என்றும் எழுதியிருந்தாய். இங்கே போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே பார்.

போன செவ்வாய் பாம்பனிலிருந்து கணவாய் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிய கூண்டு வண்டி ஒன்று உச்சிப்புளி தாண்டியதும் இழுவை இல்லாமல் நின்றுவிட்டது. ஒரே கறுப்புப் புகை, ஐட்லிங் நிற்கவில்லை. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு இதைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்கேனர் போட்டால் இ.ஜி.ஆர். திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வந்தது. வால்வைப் பிடிக்கும் மூன்று போல்ட்டில் இரண்டு உடனே கைக்கு வந்தன. மூன்றாவது மோட்டாருக்கு அடியில் இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை நுழைத்தால் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு சுற்றுதான் திரும்பும். அந்த ஒரு போல்ட்டுக்கே ஒரு மணி நேரம் போனது. மோட்டாரைக் கழற்றப் போனால் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியத்தில் இரும்பு ஸ்குரூ, மேலே உப்பு ஈரம் என்றால் அலுமினியம்தான் அரிபடும். மூன்று ஸ்குரூ வந்தன. ஒன்று தலை முறிந்தது.

உள்ளே பார்த்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. வால்வுத் தண்டு அதைத் தாங்கும் குழலான புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் கரி இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தது. மேல் அடுக்கு பஞ்சு மாதிரி, தொட்டால் உதிர்கிறது. அடியில் அரக்கு மாதிரி பளபளப்பாக ஒரு தோல், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. கரையில் ஏலம் முடிகிறவரை மணிக்கணக்கில் வண்டியை ஐட்லிங்கில் விட்டுவிடுகிறார்கள். வால்வு சூடேறுவதே இல்லை, கரியும் எண்ணெய் ஆவியும் குளிர்ந்து அங்கேயே படிகின்றன. ஊறவைத்து, பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங் இல்லாமல் பிடித்தால் தண்டு தன் எடையிலேயே வழுக்கி இறங்கும்வரை விடவில்லை.

நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் தம்பி கேட்டான்: "அண்ணே, ஒரு தகடு வெட்டி வச்சு அந்தப் புகை வழியை அடைச்சிருங்க, தொல்லை விட்டது." இந்தக் கரையில் எல்லாரும் கேட்பது இதைத்தான், செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் அடுப்பு ஒரு படி தணிந்து எரியும், அடைத்தால் சூடு ஏறிக் காற்றில் இருக்கும் நைட்ரஜனே எரிந்து நஞ்சாகும், அதை உன் பிள்ளையும் என் அம்மாவும்தான் மூச்சில் இழுக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஆனால் பிரித்துத் துடைக்க முடிந்ததால்தான் என்னால் அப்படிச் சொல்ல முடிந்தது. நீ விளிம்பை மடக்கிப் பூட்டியிருந்தால் புது வால்வு வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் அடுத்த பட்டறையில் தகடு வைத்திருப்பான். டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 6 புகை விதியில் 80 ஆகிறது என்று 2020 ஏப்ரலுக்கு முன்னால் நாம் எத்தனை ராத்திரி லீக் டெஸ்ட் பெஞ்சில் விழித்திருந்தோம்! அத்தனை உழைப்பையும் ஒரு தகரத் துண்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும், மாப்பிள்ளை.

பாகம் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாகம் குறைக்கும் முறையை வகுத்த பூத்ராய்டும் டியூஹர்ஸ்ட்டும் சொன்ன மூன்று கேள்விகளைப் பயிற்சி வகுப்பில் சுவரில் ஒட்டிவைத்திருந்தோமே: இந்தப் பாகம் பக்கத்துப் பாகத்தை விட்டு அசைகிறதா, வேறு உலோகமாகத்தான் இருக்க வேண்டுமா, மற்றதை மாட்டவும் கழற்றவும் இது தனியாக இருந்தாக வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். வயர் பிடிக்கும் அந்தத் தகட்டு பிராக்கெட்டுக்கு மூன்றிலும் இல்லை. அதை வார்ப்பிலேயே கொண்டுவா. இரண்டு கேஸ்கெட்டை ஒன்றாக்கு. இப்போது மூன்று நீளத்தில் ஸ்குரூ இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கு. ஆனால் மோட்டார் பெட்டி மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்கிறது.

பெரிய மிச்சம் மெஷினிங்கில்தான் இருக்கிறது. வால்வு வந்து உட்கார்ந்து மூடும் சீட்டின் துளையையும் புஷ் துளையையும் இப்போது இரண்டு பக்கத்திலிருந்து கடைகிறார்கள். திருப்பிப் பிடிக்கும்போது வரும் கோணலைச் சரிக்கட்டத்தான் பின்னால் அத்தனை லேப்பிங் என்ற உரசிப் பொருத்தும் வேலை, அத்தனை ரிஜெக்ட். ஒரே பக்கத்திலிருந்து, ஒரே பிடியில் இரண்டும் முடிகிற மாதிரி உடம்பை மாற்று. இன்னொன்று, அலுமினிய உடம்பில் ஸ்டீல் சீட்டை அழுத்திப் பொருத்துவதாகச் சொன்னாய். 30 மி.மீ. துளை 150 டிகிரி சூடேறினால் அலுமினியம் ஏறக்குறைய 100 மைக்ரான் விரியும், ஸ்டீல் அதில் பாதிதான். குளிரில் வைத்த பிடிமானத்தில் 50 மைக்ரான் அங்கேயே போய்விடும். அதைக் கணக்கில் வை, இல்லையென்றால் சீட் கழன்று ஆடும்.

அந்த மூன்றாவது போல்ட்டோடு மல்லுக்கட்டும்போது நம் கம்பெனி அசெம்பிளி லைனில் ஐந்தாவது ஸ்டேஷனில் நின்ற பெண்பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஸ்குரூ முடுக்கும் துப்பாக்கி நுழையாமல் மணிக்கட்டை மடக்கி மடக்கி முடுக்குவார்கள், ஷிப்ட் முடிவில் கை வீங்கியிருக்கும். அவர்களுக்குக் கை போகாத இடத்தில்தான் எனக்கும் போகவில்லை. போல்ட்டை எல்லாம் மேலிருந்தே நேராக இறங்குகிற மாதிரி வைத்தால் அங்கே நேரம் மிஞ்சும், இங்கே வண்டி நிற்காது.

பாலத்துக்குப் பற்றவைப்பது சரிதான். அதை யாரும் பிரித்துக் கரி துடைக்கப் போவதில்லை, மூட்டு இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்காமல் இருந்தால் போதும். அங்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் போட்டு, உயர்ந்த பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். அதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது பூச்சைத்தான். ஸ்குரூவுக்கு நல்ல பூச்சு கொடு, தலைக்கு அடியில் ஈரம் தங்காமல் சீல் கொடு.

தலை முறிந்த ஸ்குரூவையும் புஷ்ஷிலிருந்து சுரண்டிய கரியையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பார்சல் லாரியில் அனுப்புகிறேன். கூடவே அம்மா ஒரு கட்டு நெத்திலிக் கருவாடும் வைக்கச் சொல்லியிருக்கிறாள். உன் வரைபடத்தில் மூன்றாவது போல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி