கண்டிப்பானவர் வந்து வாய்க்கால் வெட்டுவாரா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே இந்த வருஷம் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவை பரவாயில்லை, நடுவில் இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டியது, மருந்தடித்தாயிற்று. மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

சரி, கடைசியில் எழுதியிருந்தாயே, "இந்த ஜனநாயகமெல்லாம் நமக்குச் சரிப்படாது, கண்டிப்பான ஒருத்தர் கையில் பத்து வருஷம் கொடுத்தால்தான் உருப்படும்" என்று, அதைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலையின்போது பத்திரிகையில் என்ன அச்சாகலாம் என்பதைத் தணிக்கை அதிகாரி முடிவு செய்தார், 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில ஆட்சியையே கலைத்தார்கள். அப்போதும் ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடுகிறது என்று மெச்சிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதே இந்திரா காந்தியை 1977இல் ரேபரேலி ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள், அவரும் பதவியை விட்டு இறங்கினார். நீ சொல்லும் கண்டிப்பானவர் சொதப்பினால் அவரை இறக்க என்ன வழி வைத்திருக்கிறாய்?

உன் கோபம் நியாயமில்லை என்று சொல்லவில்லை. ஓட்டுக்குக் காசு, ஜெயித்த கையோடு கட்சித் தாவல் (1985இலேயே சட்டம் வந்தும்), யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்றே தெரியாத தேர்தல் பத்திரம். அந்தப் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது, அது ஓர் ஆறுதல். ஆனால் டெல்லியையும் கோட்டையையும் திட்டுவது நம் எல்லோருக்கும் சுலபம், காலடியில் நடப்பதைத்தான் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நம் ஊராட்சிக்கு இப்போது தலைவரே கிடையாது, தெரியுமா? 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் சொல்கிறது, நடக்கவில்லை, தனி அலுவலரைப் போட்டுவிட்டார்கள். இது முதல் தடவையும் இல்லை, 2016இல் தேர்தல் நின்றுபோய் மூன்று வருஷத்துக்கு மேல் இதே கதைதான், ஆட்சி மட்டும் வேறு. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் (பி.டி.ஓ.) தனி அலுவலர். ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவர்தான், பாவம், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முன்பு தெருவிளக்கு எரியாவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலாம். தலைவராக இருந்த அந்த அம்மாவும் முதலில் வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவர்தான், அப்புறம் அவரே போர் மோட்டாரைத் திறந்து பார்த்து மெக்கானிக்கிடம் வாதாடுகிற அளவுக்கு வந்தார். பெண்களுக்கு ஐம்பது சதவீத இடஒதுக்கீடு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். வரவு செலவை ஃபிளெக்ஸில் அடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்தார்கள், எழுத்து எறும்பு அளவு. நம் தெற்குத் தெருப் பெரியவர் எழுந்து, வயலுக்குத் தண்ணீர் வரும் கிளை வாய்க்காலைப் பற்றி, "சி வாய்க்கால் எந்த மதகிலிருந்து எதுவரைக்கும் வெட்டினீங்க?" என்று கேட்டார். அது வேறு துறை வேலை, எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். அதற்குள் தீர்மான நோட்டு கைமாறி வருகிறது, கீழே கையெழுத்துகள், மேலே பக்கம் வெறுமையாக இருக்கிறது! முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "எழுதிப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார்கள், வாய்க்காலும் தீர்மானத்தில் ஏறியது.

நம் ஆட்கள் மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். பராந்தக சோழன் காலம், 920 வாக்கில், குடவோலையில் பெயர் எடுத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சொந்த நிலம் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது, உன் தாத்தா பெயரோ என் தாத்தா பெயரோ அந்தக் குடத்துக்குள் போயிருக்காது, பெண்கள் பேச்சே இல்லை. எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி. வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கிற குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மருமகன் வரைக்கும் வர முடியாது! இன்றைக்கு அதைக் கொண்டுவந்தால் எத்தனை குடும்பம் மிஞ்சும் என்று எண்ணிப் பார்.

எல்லோருக்கும் ஓட்டு என்பது நமக்குக் கிடைத்துவிட்டது, அந்தக் கல்வெட்டை எழுதியவர்கள் அதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கணக்குக் கேட்பதை மட்டும் நாம் விட்டுவிட்டோம். கண்டிப்பானவர் வந்தால் முதலில் பிடுங்கப்போவது அந்த அம்மா மடியிலிருந்த நோட்டைத்தான், அதனால்தான் உன் யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் கோயம்புத்தூரில் 2022இல் தேர்ந்தெடுத்த மாநகராட்சிக் கவுன்சிலர்கள் இருக்கிறார்களே, உன் வார்டுக்காரர் பெயர் என்ன? யாரையும் கேட்காமல் எழுது பார்க்கலாம்.

அன்புடன்,
முத்து